தனக்குத் தானே தகப்பனான மெந்தெங்

அன்புத் தங்கை மகள் ரெங்கானிஸுக்கு, போகோரிலிருந்து மாமா கொஸ்வாரா எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நான், உன் மாமி இயோ, மழை எல்லாம் நலம். பாண்டுங்கில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறோம். விக்கிப்பீடியாவில் உன் பேச்சுப் பக்கத்திலேயே எழுதியிருப்பேன். அங்கும் வாயைத் திறக்க முடியாதபடி, நிர்வாகியான நீ என்னை ஒரு வாரத்துக்குத் தடை செய்துவிட்டதால் தபால்தலை வாங்க வேண்டியதாயிற்று.

முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர்ச்சீட்டு எழுதியவன் நான். நம் மெந்தெங் பழத்துக்கு எத்தனை சீட்டு எழுதியிருப்பேன். எல்லாவற்றிலும் ஆமணக்குக் குடும்பம் என்றுதான் எழுதினேன். போன வாரம் விக்கியில் மெந்தெங் பக்கத்தைத் திறந்தால், ஓரத்து வகைப்பாட்டுப் பெட்டியில் நெல்லிக் குடும்பம் என்று இருக்கிறது. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? அப்படியானால் நான் எழுதியதெல்லாம் பொய்யா? எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாமி தட்டில் சம்பலை வைத்துக்கொண்டே, "ஆமணக்கோ நெல்லியோ, புளிப்பு ஒண்ணுதானே? பேசாம சாப்பிடுங்க" என்கிறாள். இவளோடு முப்பத்தாறு வருடம்.

சரி, திருத்தலாம் என்று உள்ளே போனால் பெட்டிக்குள் குடும்பம் என்ற பேச்சே இல்லை. குடும்பத்துக்கு ஒரு படி கீழேயுள்ள பேரினத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. மிச்சத்தை, பெட்டியை நிரப்புகிற வார்ப்புரு என்ற அச்சு தானாகவே அப்பன், பாட்டன் என்று மேலே ஏறிப்போய் எடுத்து வருமாம். ஓரத்தில் இருந்த பென்சில் படத்தை அழுத்தி அந்தப் பேரினத்தின் பக்கத்துக்குப் போய், பெற்றோர் என்ற கட்டத்தில் ஆமணக்கைப் போட்டேன். தேநீர் ஆறுவதற்குள் நீ பழையபடி ஆக்கிவிட்டு, "சான்று வேணும் மாமா" என்று எழுதிவிட்டாய். நான் பெருந்தன்மையாக, சான்று வரும்வரை காலியாகவே இருக்கட்டும் என்று கட்டத்தை அழித்தேன். காலியாக விட்டால் சிவப்பெழுத்தில் திட்டுகிறது. ஒற்றைப் பெயர்க்காரனுக்கு இதெல்லாம் புதிதா? சிங்கப்பூருக்கு விமானச் சீட்டு எடுத்தபோது குடும்பப் பெயர் இல்லாமல் முடியாது என்றார்கள். அந்த அலுவலகப் பெண், "உங்க பேரையே ரெண்டு தடவ போட்டுடறேன் ஐயா" என்றாள். கொஸ்வாரா கொஸ்வாரா என்றே போய் வந்தேன், யாரும் தடுக்கவில்லை. அதே முறைப்படி, பெற்றோர் கட்டத்தில் பேரினத்தின் பெயரையே எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நானா பொறுப்பு? பேரினம் தனக்குத் தானே தகப்பனாகிவிட்டதாம். வார்ப்புரு அப்பனைத் தேடிக் கிளம்பி, அதே வாசலுக்குத் திரும்பித் திரும்பி வந்து, மூச்சு வாங்கி நின்றுவிட்டதாம். மெந்தெங் மட்டுமில்லை, ரம்பாய் முதலான உறவுக்காரப் பழங்கள் நாற்பத்து மூன்றின் பக்கங்களிலும் சிவப்பெழுத்து. ஒரு கட்டம் பிசகினால் நாற்பத்து மூன்று வீடு சரிகிற மாதிரி கட்டியவனை விட்டுவிட்டு, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனைத் தடை செய்தாய். உன் அம்மாவுக்குப் போன் பண்ணினால், "அண்ணே, அவ வேலைய அவ பாக்குறா, நீங்க சும்மா இருங்க" என்று வைத்துவிட்டாள்.

நான் கேட்பது இதுதான். தடையை நீக்கு, பெட்டியில் ஆமணக்கைப் போடு. நாளைக் காலையில் பழைய அலுவலகத்துக்குப் போய், நான் எழுதிய சீட்டுகளையே படமெடுத்து வருகிறேன். அதற்கு மேல் என்ன சான்று வேண்டும் உனக்கு?

வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், உனக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் மரியாதையையும் இறைவன் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தடை செய்யப்பட்ட உன் மாமா
கொஸ்வாரா

பி.கு.: அலுவலகத்துக்குப் போய் வந்தேன். மெந்தெங் தாள்களை எடுத்துக் கொடுத்தார்கள். என் சீட்டுகள் அப்படியே இருந்தன, ஆமணக்குக் குடும்பம் என்று. ஒவ்வொன்றுக்கும் கீழே பிற்பாடு ஒட்டிய ஒரு திருத்தச் சீட்டு, நெல்லிக் குடும்பம் என்று. தேதி, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். எந்த மடையன் வேலை இது என்று கையெழுத்தைப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் என் கையெழுத்துத்தான். படம் வைத்திருக்கிறேன், நெல்லிக்குச் சான்றாகப் போட்டுக்கொள். தடை இன்னும் ஒரு வாரம் இருந்தாலும் பரவாயில்லை. மாமியிடம் மட்டும் சொல்லிவிடாதே.