லேசரை அணைத்தவன் தங்கைக்கு எழுதியது

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் என் மகளும் சௌக்கியம். மாப்பிள்ளையின் முழங்கால் இப்போது படியேறச் சம்மதிக்கிறதா?

நீ அலைந்து திரிந்து கல்லூரியில் பிடித்துக் கொடுத்த நிரந்தர வேலைக்கு அவளைச் சம்மதிக்க வைக்கச் சொன்னாய். அதைப் பேசத்தான் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கே போனேன். "டாக்டர் பட்டம்தான் வாங்கிட்டியேம்மா, அப்புறமும் கடல் தாண்டிப் போய் போஸ்ட்டாக் ஆராய்ச்சி எதுக்கு? பிசிக்ஸ் படிச்சவளுக்கு உயிரியல் கூடத்துல என்ன வேலை?" என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனால், அங்கே அவளைக் காணோம். இருட்டறை, மேசைமேல் ஒரு பெட்டி, அதில் விளக்கு எரிகிறது. மின்சார அலுவலகத்திலேயே தலை நரைத்தவன் நான்; ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் கை சும்மா இருக்குமா? சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு உட்கார்ந்தேன். அது காலையிலிருந்து சூடாகி அப்போதுதான் நிதானத்துக்கு வந்திருந்த லேசராம். அவள் விண்ணப்பித்திருந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தார் அன்றைக்குத்தான் திரையில் வந்து அவளுடைய பரிசோதனையைப் பார்க்கப் போகிறார்களாம். எனக்கு யார் சொன்னார்கள்?

வந்தவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை. "பரவால்லப்பா, உக்காருங்க" என்றாள். திரையில் ஆட்கள் வந்ததும், அப்பா அணைத்துவிட்டார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, லேசரை மறுபடி போட்டு, அவர்கள் கண்ணெதிரே ஒவ்வொரு கண்ணாடியாக மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, எதை எதற்காகத் திருப்புகிறாள் என்று விளக்கிக்கொண்டே போனாள். நான் பீரோ ஓரம் ஒண்டிக்கொண்டு நின்றேன். லேசர் நிதானத்துக்கு வருவதற்குள் என்னை இழுத்துப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். ஒரே ஒரு துளி, தன்னந்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. "இதயத்தோட ஒத்தை செல்லுப்பா. எவ்வளவு பலமா இழுக்குதுன்னு லேசரால அளக்கறேன். அளக்கறது பிசிக்ஸ், துடிக்கறது உயிரியல். ரெண்டும் தெரிஞ்ச ஆளைத்தான் அவங்க தேடறாங்க" என்றாள். நான் ஒத்திகை பார்த்த கேள்விக்குக் கேட்காமலே பதில் வந்துவிட்டது. நம் குடும்பத்தில் இப்படி ஒருத்தியா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண் கலங்கி லென்ஸை ஈரமாக்கியதற்கும் அவள் திட்டவில்லை. ஓடுகிற கருவியை யாரும் காட்டுவார்கள், நின்றுபோனதை ஓட்டிக் காட்டியதுதான் பிடித்தது என்று சொல்லி, அவர்கள் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஆகவே கோபித்துக்கொள்ளாதே. அவள் போகட்டும். எனக்குச் சமைக்கத் தெரியும். தனியாக இருப்பது ஒரு பெரிய விஷயமா என்ன? கல்லூரிக்காரர்களிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் எல்லோரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகால் புரியாத அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது அவள் வந்து, "அத்தை பார்த்த வேலைக்கே போறேன்பா" என்கிறாள். ஏன் என்று கேட்டால் நழுவுகிறாள். உன் அண்ணி போய்ச் சேர்ந்தபின் என்னைத் தனியே விட அவளுக்கு மனசில்லை, அதுதான் காரணம். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ உடனே புறப்பட்டு வா. வந்து, அண்ணன் இனிமேல் எங்கள் வீட்டில்தான் என்று அவளிடம் சொல். பொய்யாகச் சொன்னால் போதும். நிஜமாகவே சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்.