ராஜசேகர் வீட்டு மூன்றாவது ஹப்

ராஜசேகர் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு, ஒரு கையில் செல்போனைப் பிடித்தபடி, இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்குங்க டாட்டா காட்டறீங்க?" என்றாள் ஜோதிமணி.

"சென்சாருக்கு. ஆளு வந்திருக்குன்னு அதுக்குத் தெரியணும்ல."

"தெரிஞ்சுதா?"

"யோசிக்குது."

"அது யோசிக்கறதுக்குள்ள வந்த வேலை முடிஞ்சிரும்" என்று அவள் சுவர் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டாள். விளக்கு எரிந்தது.

"தொடாத ஜோதி. ஸ்விட்சைத் தொட்டா பல்பு கோவிச்சுக்கும்."

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா பரவால்லையா?"

ராஜசேகர் ஓசூர் சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். அங்கே எந்த மெஷினையும் அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஸ்கிரீனில் பச்சை எரிந்தால் மெஷின் நலம். சிவப்பு எரிந்தால் ஆளை அனுப்புவான். வீட்டையும் அப்படி ஆக்கிவிட வேண்டும் என்று அவன் துடித்ததற்குக் காரணம் மாமியார் நாராயணம்மா.

போன மாதம் இருட்டில் ஸ்விட்சைத் தேடிக்கொண்டு நடந்தவள், பாத்ரூமுக்குப் போகும் நடையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் கிருஷ்ணகிரியில் இருக்கும் அவள் மகன் சுரேந்தர் போனிலேயே முடிவு செய்துவிட்டான். "அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன் மாமா. அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடறேன். எங்க வீட்ல ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கு."

வேறு மருமகனாக இருந்தால் பெட்டியைத் தானே தூக்கிக் காரில் வைத்திருப்பான். ராஜசேகருக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பேசுவதை முழுதாகக் கேட்கிற ஒரே ஜீவன் அந்த வீட்டில் அவள்தான். கன்வேயர் பேரிங் உடைந்த கதையை அவன் ஆரம்பித்தால் ஜோதிமணி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நாராயணம்மாவோ பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்கு வாடையோடு, "அப்புறம் என்னாச்சு அல்லுடு?" என்பாள். மருமகனை அந்த ஒரு சொல்லால் கூப்பிட அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? போதாததற்கு அவள் கிண்டுகிற களியும் கீரைக் கடைசலும் வேறு.

அதனால் அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். "அத்தே, இனிமே நீங்க லைட்டைத் தேட வேணாம். லைட்டு உங்களைத் தேடி வரும்."

பல்புகள் வந்தன. கூரையில் ஒட்டுகிற, கோலிகுண்டை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைச் சென்சார்கள் வந்தன. இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்த ஹப் என்கிற பெட்டியும் வந்தது. நிர்வாகத்துக்கும் யூனியனுக்கும் நடுவில் ஒருவர் ஓடிக்கொண்டிருப்பாரே, அந்த வேலை அதற்கு.

மாட்டிய அன்று சாயங்காலம் நாராயணம்மா நடையில் போனாள். விளக்குகள் அவளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரிந்தன. திரும்பி வந்தாள், மறுபடி எரிந்தன. ராட்டினம் ஏறின சிறுமி மாதிரி சிரித்துக்கொண்டு போய்ப் போய் வந்தாள். ராஜசேகர் கம்பெனியில் அவார்டு வாங்கியபோதுகூட அப்படிப் பூரித்ததில்லை.

மறுநாள் காலையிலிருந்துதான் இந்த டாட்டா.

கேன்டீனில் மணிவேலிடம் சொன்னான். மணிவேல் எலக்ட்ரிக்கல் செக்‌ஷன். கேட்காமலே ஆலோசனை சொல்வான், கேட்டால் விடவே மாட்டான்.

"எந்த ஹப்பு?"

"நெட்டு வழியா வேலை செய்யறது."

"போச்சு. அதோட மூளை எங்கயோ வெளிநாட்டுல இருக்கும். உங்க மாமியார் பாத்ரூம் போறதுக்கு அங்க பர்மிஷன் கேக்கணும். லோக்கல் ஹப்பு வாங்கு. மூளை வீட்டுக்குள்ளயே இருக்கும்."

"எங்க வீட்ல மூளை இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று ராஜசேகர் அன்றே ஆர்டர் போட்டான்.

லோக்கல் ஹப் வந்தது. செல்போனில் எல்லாம் பச்சை. பேட்டரி முழுசு, சிக்னல் முழுசு. ஆனால் நடையில் விளக்கு எரியவில்லை. அதுமட்டுமில்லாமல், பழைய ஹப்பை அவன் கழற்ற மனம் வராமல் விட்டிருந்ததால், ஹால் விளக்கை இது போட, அது அணைக்க, இது போட என்று வீடு திருவிழா மேடை ஆனது.

"யாராவது மொய் எழுத வந்துடப் போறாங்க" என்றாள் ஜோதிமணி.

பழையதை விலக்கினான். விளக்குகள் ஆடுவதை நிறுத்திவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டன. வெளிச்சத்தை அளந்து பகலா இரவா என்று சொல்லவேண்டியதும் அதே கூரைச் சென்சார்தான்; அது பட்டப்பகலில் ராத்திரி என்று சாதித்தது. ஹால் முழுக்க நண்பகலில் ஜெகஜோதி. இருட்டினால் நடையில் ஆள் போவது எதற்கும் தெரியவில்லை.

"ஹப்பு வேற நாட்டு டைம்ல ஓடுது" என்றான் மணிவேல். "இது ரெண்டும் வேணாம். சின்னக் கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு இருக்கு, நீயே புரோகிராம் போட்டுக்கலாம்."

மூன்றாவது ஹப். ராஜசேகர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். விதிமேல் விதி எழுதினான். நடுவில் யாராவது ஸ்விட்சைத் தட்டிக் கெடுத்துவிடக் கூடாது என்று, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கறுப்பு டேப்பை வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சுகள் மேலும் ஒட்டினான். அன்று சாயங்காலம் நடை விளக்கு சென்சாருக்கும் எரியவில்லை, கைக்கும் எரியவில்லை. மூவரும் செல்போன் டார்ச்சோடு நடமாடினார்கள்.

"லைட்டு தேடி வரும்னீங்க. இப்ப நாம டார்ச்சைத் தேடறோம்" என்றாள் ஜோதிமணி.

"டிரையல் ரன்ல இதெல்லாம் சகஜம்."

"அம்மா விழுந்தா அதுவும் டிரையலா?"

நாராயணம்மாதான், "அவரைத் திட்டாத. பாவம், எம்புட்டுப் பாடுபடறாரு" என்று சொல்லி, முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சுரேந்தர் காரோடு வந்துவிட்டான். ராஜசேகர் நடையின் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கினான்.

"ஒரே ஒரு தடவை பாருங்க மாப்ள. அத்தே நடந்து வருவாங்க. லைட்டு எரிஞ்சா அவங்க இங்கயே இருக்கட்டும்."

"எரியலைன்னா?"

"எரியும்."

நாராயணம்மா மெதுவாக நடந்தாள். இருட்டு அப்படியே இருந்தது. ராஜசேகர் செல்போனைப் பார்த்தான், எல்லாம் பச்சை. பின்னால் ஹாலில் மட்டும், வெயிலோடு போட்டி போட்டுக்கொண்டு அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"விடுங்க மாமா" என்றான் சுரேந்தர் தணிந்த குரலில். "உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா இதை நம்பி அம்மாவை விட்டுட்டுப் போக முடியாது. ஏம்மா, கிளம்பலாமா?"

ராஜசேகர் செல்போனை முதல்முறையாகச் சட்டைப்பைக்குள் போட்டான். ஜோதிமணி அவன் தோளைத் தொட்டாள். திட்டுவதற்கு அவளுக்கே மனம் வரவில்லை.

நாராயணம்மா நடையின் நடுவிலேயே நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கும்தான் புரியல அல்லுடு. முதல் நாளு அவ்ளோ அழகா எரிஞ்சுச்சு, யாரு கண்ணும் பட்டுறக்கூடாதுன்னு, எட்டாட்டியும் ஒட்டடைக் குச்சி நுனியில துணி சுத்தி, மேல இருக்கற அந்த வெள்ளை உருண்டை ஒவ்வொண்ணுக்கும் சந்தனப் பொட்டு வெச்சேன். அது கெடக் கெட நானும் இன்னும் கெட்டியா அப்பிக்கிட்டே வர்றேன், இன்னிக்குக்கூட ஒரு கிண்ணம் அரைச்சு வெச்சிருக்கேன், இதெல்லாம் விட்டுட்டு நான் கிருஷ்ணகிரிக்குப் போனா உங்க சாமானுக்கு யாரு பொட்டு வெப்பாங்க?"