மைனஸ் பக்கத்தில் கரண்டே இல்லை

சிரஞ்சீவி வாஞ்சிநாதனுக்கு அத்திம்பேர் சிவராமகிருஷ்ணன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே லேக் மார்க்கெட்டில், நீ செய்து அனுப்பிய ஆம்ப்ளிஃபையர் நீங்கலாக எல்லோரும் க்ஷேமம். சென்னையில் ஷோபனாவும் குழந்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எதை எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவதால் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது.

நவராத்திரிக்கு வருகிற சனிக்கிழமை உன் அக்கா விஜயலக்ஷ்மி இங்கத்துத் தமிழ்ச் சங்கத்து ஹாலில் பாடப் போகிறாள். தம்பி கையால் செய்த ஆம்ப்ளிஃபையரில்தான் பாடுவேன் என்று ஊர் பூரா சொல்லிவைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் ப்ளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் சமமாகக் கரண்ட் இழுக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கும்படி நீ போனில் சொன்னாய். பாங்க் மேனேஜராக ரிடையர் ஆனவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். வோல்ட் பார்ப்பதுபோலக் குறுக்கே வைத்தேன், மீட்டருக்குள் ஃப்யூஸ் பட்டென்று போய்விட்டது. புது ஃப்யூஸ் போட்டு, வயரைப் பிரித்து நடுவில் மீட்டரைக் கோக்கணும் என்று படித்துத் தெரிந்துகொண்டு, சிவப்பு வயர்ல கோத்தேன். நூத்திருபது மில்லி ஆம்பியர், பேஷ். அடுத்தது கறுப்பு. டார்ச் லைட்டுலேர்ந்து கார் பேட்டரி வரைக்கும் கறுப்புன்னா மைனஸ்தானே? பூஜ்யம். தட்டிப் பார்த்தேன், பூஜ்யம்தான். மீதி ஒரு நீல வயர், அது எர்த்தா இருக்கும்னு எதிர் ஃப்ளாட் சந்தீப் சொன்னான். அவன் இன்ஷூரன்ஸ்காரன், ஆபத்து விஷயத்துல அவன் பேச்சை நான் தட்டறதில்லை.

ஆக, உன் மைனஸ் பக்கம் செத்துப்போச்சுடா வாஞ்சி. ப்ளஸ் மட்டும் தனியா மாடா உழைக்கறது. பாட்டு என்னமோ நன்னாத்தான் கேக்கறது, ஆனா பாதிதான் வரதுன்னு எனக்குத் தோணித்து. இதை உன் அக்காகிட்ட சொன்னேன், "என் தம்பியை ஒண்ணும் சொல்லாதேங்கோ"ன்னவ அதோட பேச்சை நிறுத்திட்டா. காபி டம்ளர் மேஜையில ணங்குனு வந்து உக்காறது. சங்கத்துச் செக்ரட்டரி வேலாயுதம் வரைக்கும் நான் சொல்லியாச்சு. சந்தீப், "மேஷோமொஷாய்", அதான் பெங்காலியில சித்தப்பா, "கவலைப்படாதீங்க"ன்னு தெரு பூஜைப் பந்தல் ஸ்பீக்கரைக் குடுக்கறேங்கறான். அதுல இருமினாலே கரியாஹாட் வரைக்கும் கேக்கும். உன் அக்காவுக்கோ சன்னக் குரல். அதுல பாடறதுக்குப் பதிலா பாடாமலே இருப்பேன்னுட்டா. எனக்கும் மனசு கேக்கலை. வருஷம் பூரா சாதகம் பண்ணியிருக்கா. அதனால, தப்பு உன்னோடதுன்னு ஒத்துண்டு, உடனே வேற ஒண்ணு அனுப்பு.

குழந்தைக்கு என் ஆசி. உனக்கும்தான், கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிவராமகிருஷ்ணன்

பி.கு.: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி, எர்த்துல கரண்ட் ஒழுகறதுன்னு இன்னொரு குத்தமும் சேர்க்கலாமேன்னு நீல வயர்ல மீட்டரைக் கோத்தேன். மைனஸ் நூத்திருபது. அப்பத்தான் புரிஞ்சுது: நீலம்தான் மைனஸ், கறுப்பு நடு வயர். ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா நடுவுல மிச்சமே இருக்காது. நான் பார்த்த பூஜ்யம், நீ வாங்கின நூத்துக்கு நூறு. கிழிச்சுடலாம்னு கடுதாசியை எடுத்தேன். பின்னாலேயே நின்னுண்டிருந்த உன் அக்கா வாயைத் திறந்தா: "ஒரு எழுத்து அடிக்காம அப்படியே அனுப்புங்கோ." மொபைல்ல ஃபோட்டோ வேற எடுத்துண்டுட்டா. சனிக்கிழமை பாடி முடிச்சதும் மைக்குல படிக்கப்போறாளாம். நீ செஞ்ச ஆம்ப்ளிஃபையர், கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேக்கும்.