கிணற்றடி என்றொரு வாடிக்கையாளர்

கல்முனையிலிருந்து பாலமுனை வரைக்கும் இருட்டே கண்டு பயந்த ஒரே மனிதர் எங்கள் லைட்டு காக்கா. வீடுகளுக்கு வயரிங் செய்வார். கல்யாணங்களுக்கு ஜெனரேட்டரும் அலங்கார விளக்குகளும் வாடகைக்குக் கொடுப்பார். ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன்; சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீதியின் முதல் கணினியை வாங்கி, கொழும்பில் படித்துவிட்டு வந்திருந்த பெண்ணான என்னை அதன் முன் உட்கார வைத்தார். அறைக்குள் செருப்புக்கு அனுமதியில்லை. திரைக்குப் பூப்போட்ட உறை. தினமும் காலையில், "அவர் எழும்பிட்டாரா புள்ள?" என்று கணினியை மரியாதையாக விசாரிப்பார். மின்சாரம் போனால், கல்யாண ஊர்வலத்துக்கான பெரிய ஜெனரேட்டர் இந்த ஒற்றைக் கணினிக்காக வீதி அதிர உறுமும்.

"இந்த டீசல எந்த வேலைக் கணக்கில போடட்டும் காக்கா?"

"அவர் குடிச்சத அவர்ட பேரிலயே போடு."

ஒவ்வொரு வீட்டையும், ஒவ்வொரு கல்யாணத்தையும் மென்பொருளில் தனி வேலையாகத் திறப்பேன். வயர், டீசல், ஆட்கூலி, வான் வண்டிக் கூலி எல்லாம் அதனதன் கீழே சேரும். வேலை முடிந்ததும் லாபமா நட்டமா என்று திரை சொல்லிவிடும். அந்தக் கிழக்குக் கரையில் அப்படிக் கணக்குப் பார்த்த முதல் கடை எங்களுடையதுதான் என்று இன்றும் பெருமையடிப்பேன்.

ஆனால் திரை சொன்னது வில்லங்கமாக இருந்தது. கல்யாணங்கள் லாபம், வயரிங் வீடுகள் எல்லாம் நட்டம். தொழிலில் பங்கு வைத்திருந்த அவருடைய மச்சான், ஹாஜியார், அதைப் பார்த்தார்.

"வயரிங்க மூடு மச்சான். வயர் இழுக்கிற பொடியன்மார நிப்பாட்டு."

"அப்ப மாப்பிள்ள கல்யாணம் முடிஞ்சி இருட்டிலயா குடும்பம் நடத்துற?"

"அத மாப்பிள்ள பாத்துக்குவான். பெருநாளைக்குள்ள மூடு, இல்லாட்டி என்ட பங்கத் தா."

ஒவ்வொரு வேலையாகத் திறந்து பார்த்தேன். எல்லா வீட்டிலும் ஒரே ஓட்டை: மதிப்பீட்டில் இல்லாத வயர், ஒரு கம்பம், ஒரு பல்ப், அரை நாள் கூலி. களவு என்றே முடிவு கட்டி, வேலை நடந்துகொண்டிருந்த நற்பிட்டிமுனை வீட்டுக்குப் போனேன். பொடியன்மார் சாமான் கட்டிக்கொண்டிருக்க, லைட்டு காக்கா கிணற்றடியில் விளக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்க இது கேக்கல்லியே காக்கா," என்றார் வீட்டுக்கார உம்மா.

"கேக்க மாட்டீங்க. மகளுக்கு ஊடு கட்டிக் குடுக்கிற வாப்பாமார் எல்லாம் முன் விறாந்தைக்கு நாலு லைட் கேக்கிற. தண்ணி அள்ளப் போற புள்ளைக்கு ஒருத்தரும் கேக்கிறல்ல."

"காக்கா, இதுதான் நம்மட நட்டம்," என்றேன்.

கம்பத்தைப் பிடித்தபடி யோசித்தார். "அப்ப அது ஊட்டாக்கள்ட கணக்கில வரப்படாது. தனியா ஒரு வேலை திறந்து எல்லாத்தையும் அதில போடு. நட்டத்த என்ட பங்கில கழி."

"வாடிக்கையாளர் பேர்?"

"கிணத்தடி."

மாற்றிப் போட்டேன். வயரிங் வீடுகள் அத்தனையும் லாபத்துக்கு ஏறின. பெருநாளைக்கு முன்னர் ஹாஜியார் வந்து, திரையை மேலிருந்து கீழே பார்த்து, அடியில் சிவப்பாக நின்ற ஒற்றை வரியில் விரல் வைத்தார்.

"ஆர் மச்சான் இந்தக் கிணத்தடி? ஒரு சதம் தரல்ல. இவன்ட வேலைய நிப்பாட்டு."

"ஏலா மச்சான். பழைய வாடிக்கை. நட்டம் என்ட பங்கில கழியுது."

"அப்ப எனக்கென்ன," என்று ஹாஜியார் செருப்பைத் தேடிப் போனார். பொடியன்மார் மறுநாளும் வேலைக்கு வந்தார்கள்.

பிறகு என் வாப்பா எனக்குக் கட்டிய வீட்டுக்கும் அவர்தான் வயரிங். அந்த வேலையை நானே திறந்து நானே மூடினேன், நல்ல லாபம். எங்கள் கிணற்றடியில் மட்டும், வேறெந்த வீட்டிலும் இல்லாத இரண்டாவது பல்ப் ஒன்று, கிணத்தடியின் கணக்கில் எரிகிறது.