போல்ட்டை இறுக்கியது நான், திட்டு வாங்கியது கோபி

புது மாப்பிள்ளையை மாமியார் வீட்டில் யாரும் திட்டுவதில்லை. இதை மரியாதை என்பார்கள். பழைய டிராக்டர் உள்ள வீடுகளில் இது ஆபத்தான ஏற்பாடு என்பது என் அனுபவம்.

எனக்குச் செய்தித்தாளில் பிழை திருத்தும் வேலை. ஒரு தவறு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் மனைவியின் ஊரான ஆரம்பாக்கத்துக்கு விருந்துக்குப் போனபோது கண்ணில் பட்ட தவறு, அத்தையின் டிராக்டரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த ஆயில்.

அத்தை என்பது என் மாமியார் கன்னியம்மா. டிராக்டர் அவருடையது; ஓட்டுவதும் அவரே. ஊராருக்கு உழுது கொடுப்பார். 'பொம்பள வண்டி பாதியில நிக்கும்' என்று சொல்லிக்கொண்டு, அது நிற்கும் நாளுக்காக மற்ற டிராக்டர்காரர்கள் காத்திருந்தார்கள். அன்று பக்கத்து வயலைச் சேறடித்துக் கொடுக்க வேண்டும். நாற்றுக் கட்டுகள் தயார். நடவுப் பெண்கள் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி நின்றால் அவர்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பருவத்து உழவும் வேறு வண்டிகளுக்குப் போய்விடும்.

"அது அப்டித்தான் மாப்ள சொட்டும். உழுதுட்டு வந்து பாத்துக்கலாம்," என்றார் அத்தை.

"ஒரு நிமிஷம் அத்தை, இறுக்கிடறேன்," என்று வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். (அதுவரை நான் இறுக்கியதில் மிகப் பெரியது மூக்குக் கண்ணாடியின் திருகு.)

இன்ஜினின் அடிவயிற்றில் ஆயிலை அடைத்து நிற்கும் போல்ட் அது. ஸ்பேனரை மாட்டித் திருகினேன். அசையவில்லை. பக்கத்தில் கிடந்த இரும்புக் குழாயை ஸ்பேனரின் வாலில் செருகி, முன் சக்கரத்தில் காலை ஊன்றி இழுத்தேன்.

"மாப்ள, நாஷ்டா ஆறிப்போவுது," என்றார் அத்தை. நான் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்க முடியுமா? பதிலாகக் குரலை உயர்த்தினார்.

"டேய் கோபி! இன்னாடா அந்த முறுக்கு முறுக்கற? அது போல்ட்டா, கரும்பு மிஷினா?"

கோபி என் மைத்துனன். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இன்னாமா பண்ணன்?"

அந்த நேரத்தில்தான் போல்ட் மனமிரங்கியது. கடகடவென்று சுற்றியது. "இளகிடுச்சு அத்தை!" என்று வெற்றிக் குரல் கொடுத்தேன். (இறுக்கும் போல்ட் இளகக் கூடாது என்ற உண்மை அடுத்த நொடியே மூக்கு வழியாக எனக்குள் இறங்கியது.) ஓட்டைக்குள் இருந்த திருகு மரை மொத்தமும் உரிந்து, போல்ட் என் நெற்றியில் விழுந்தது. பின்னாலேயே ஆயில். கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அடைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வரப்பிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "இன்னாக்கா, தல தீவாளிக்கு இன்னும் நாள் கீதே, அதுக்குள்ள மாப்ளைக்கு எண்ண தேச்சி உட்டுட்ட?"

அமைச்சர்கள் கோபத்தை அடக்கிக்கொண்டு கொடுத்த பேட்டிகளையெல்லாம் பிழை திருத்தியவன் நான். அத்தையோடு ஒப்பிட்டால் அவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள்.

"டேய் கோபி! அறிவு கீதாடா உனுக்கு? நல்லா இருந்த மரையப் பூட்ட கேசாக்கிட்டியேடா! உன்ன யார்ரா அதத் தொடச் சொன்னது?"

கோபி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தான். வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தான்.

"தப்புதாம்மா. இனிமே தொடமாட்டன்."

அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி லேத் பட்டறைக்குப் பறந்தான்.

எனக்குப் பிரியாணி ஆக்க எடுத்து வைத்திருந்த டேக்சா பாத்திரம் என் விரலுக்கு அடியில் வந்து, ஆயிலைப் பிடித்துக்கொண்டது. ஒரு சுற்றுப் பெரிய போல்ட்டும் புது மரை வெட்டும் கருவியும் வந்தன. புடவையை வரிந்துகொண்டு அத்தை எனக்குப் பக்கத்திலேயே படுத்தார். பார்க்காமலே வெட்டினார்: கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, தூளைத் துடைத்து மறுபடி முன்னே. போல்ட்டை விரலால் ஏற்றி, ஸ்பேனரை நடுவில் பிடித்து ஒரே அழுத்து. அவ்வளவுதான்.

"பாத்துக்கடா கோபி, இதான் அளவு," என்றார் என் காதருகே. கோபி அப்போது தூரத்தில் ஆயிலைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தான்.

வண்டி கிளம்பியது. நடவுப் பெண்கள் எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினார்கள். "பொம்பள வண்டிடி! நிக்கும்னு நெனச்சவன்லாம் வந்து பாரு!" என்று கத்திக்கொண்டே அத்தை வயலில் இறங்கினார். அடக்கிவைத்த கோபமெல்லாம் அந்தச் சேற்றில்தான் போயிருக்க வேண்டும். அவ்வளவு நேர்த்தியான உழவை நான் பார்த்ததில்லை. பிரியாணி குக்கரில் தவணை முறையில் வெந்தது.

அது முடிந்து பல வருடம். நான் பழைய மாப்பிள்ளை. ஏற்பாடு மட்டும் மாறவில்லை. போன மாதம் அத்தை வீட்டுக் குழாய் சொட்டியது. இறுக்கினேன். தலை தனியாகக் கையோடு வந்தது. தண்ணீர் கூரை வரை எழும்பியது.

அத்தை என்னைப் பார்த்தார். செல்போனை எடுத்தார். கோபி இப்போது ஒரகடத்தில் வேலை. அன்று பகல் ஷிப்ட்.

"டேய் கோபி! கொழாவ ஒடச்சிட்டியேடா, பேமானி!"

மறுமுனையில் மிஷின்கள் இரைந்தன. அதற்கு மேல் கோபியின் குரல் கேட்டது.

"தப்புதாம்மா. மொதல்ல மாமாவுக்குத் தொவட்டிக்கத் துண்டு குடு."