ஐந்தாம் மாடியின் இரண்டாவது கோழிக்கால்

சட்டம் படிப்பவர்களை முதல் இரண்டு வருடங்களுக்கு வீட்டில் தனியாக விடக்கூடாது. அந்தக் காலத்தில் நான், கொசு அடிப்பதற்கு முன்பே எனக்குக் குற்ற மனம் இருக்கிறதா என்று யோசிப்பவன். (அதற்குள் அது கடித்துவிட்டுப் போய்விடும்.)

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே மணி. கடைக்காரர் பையை மாட்டி இழுத்தால் மணி அடிக்கும், நாம் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் கயிற்றை உரசிக்கொண்டே தொங்கும் ஐந்தாம் மாடி சபீனா அக்காவின் கயிறு. அவர் கிரிமினல் வக்கீல். இந்தச் சம்பவம் நடந்த அன்று மதியம் இரண்டு மணிக்கு, படித்துக்கொண்டே அவரிடம் ஜூனியராகச் சேர எனக்கு நேர்முகம். ஏற்கெனவே மூன்று வக்கீல்கள் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். இதுவும் போனால் ஊருக்கு வெளியே மாவ்பியில் மாமாவின் உரக்கடைதான் கதி. அம்மா வேண்டிக்கொள்ளக் கோயிலுக்குப் போயிருந்தார்.

பன்னிரண்டரைக்கு எங்கள் மணி அடித்தது. இழுத்தேன். வந்தது டன்பவுக் (நம் பிரியாணியின் பர்மிய அவதாரம்). அம்மாதான் அனுப்பியிருக்கிறார் என்று நெகிழ்ந்துபோய் உட்கார்ந்தேன். கோயிலுக்குப் போனவர் கோழியா அனுப்புவார் என்று தோன்றவே இல்லை. முதல் கோழிக்காலை முடித்த பிறகுதான் மூடியைப் பார்த்தேன். 'ஐந்தாம் மாடி' என்று பர்மிய எழுத்தில் இருந்தது.

யோக்கியன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் சட்ட மாணவன். எடுத்தபோது குற்ற மனம் இல்லை, ஆகவே திருட்டு இல்லை. திருட்டு இல்லையென்றால் இரண்டாவது காலையும் சாப்பிடலாம். சாப்பிட்டேன். (முதலாவதைவிட ருசி.)

இரண்டு மணிக்கு மேலே போனபோது சபீனா அக்கா போனில் கடைக்காரரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "மாட்டுனேன் மாட்டுனேங்கிறீங்களே, கயிறா தின்னுச்சு? காலைலேர்ந்து பச்சத்தண்ணிதான்!" போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உக்காருங்க தம்பி. திருட்டுன்னா என்ன? உதாரணத்தோட சொல்லுங்க."

உலகத்தில் வேறு உதாரணமே எனக்குக் கிடைக்கவில்லை. புத்தகத்தில் வருவதுபோல ஆரம்பித்தேன். "'அ'ங்கிறவரோட சாப்பாடு 'ஆ'வோட கயித்துல வந்துடுதுக்கா. தன்னோடதுன்னு நம்பி 'ஆ' சாப்பிடுறாரு. கெட்ட எண்ணம் இல்ல. அதனால திருட்டு இல்ல."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "'அ' எந்த மாடி?"

"அ... அஞ்சாவதுக்கா."

"தன்னோடது இல்லைன்னு 'ஆ'வுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் கால் முடிஞ்சப்புறம்."

"அதுக்கப்புறம் எத்தனை கால்?"

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா!"

"முதல் காலுக்குத் திருட்டு இல்ல, சரி. தெரிஞ்சே தின்ன ரெண்டாவதுக்குப் பேரு கையாடல். தனிக் குற்றம். படிக்கலையா?"

"படிச்சேன்க்கா. சாப்பிட்டப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

உர வாசனை மூக்கில் அடித்தது. அழுகையே வந்துவிட்டது. அக்கா ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "உங்க மேல நீங்களே ஒரு புகார் மனு எழுதுங்க. நான்தான் கட்சிக்காரி. நல்லா இருந்தா வேலை."

எழுதினேன். ஒன்றையும் விடவில்லை, அந்த ருசியைக்கூட. படித்துப் பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார் (பசி மயக்கம் என்று பதறினேன், சிரிப்புதான்). மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

என் கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த பரிசு அந்த மனு, கண்ணாடி போட்டு. இன்றும் விருந்தாளிகள் வந்தால் என் மனைவி அதை உரக்கப் படித்த பிறகுதான் இலை போடுவாள். தான் பிறக்காத காலத்துச் சம்பவத்துக்கு என் மகள் கண்ணால் கண்ட சாட்சி. எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறேன். இந்த ஒரு வழக்கில்தான் எனக்கு இன்னும் ஜாமீன் கிடைத்தபாடில்லை.