இருநூறு ஓட்டாண்டிகள்

ஞாயிறு மதியத்துக்குள் இருநூறு குடும்பங்களும் மறுபடி ஓட்டாண்டியாகிவிட்டன. கோபிகாவுக்கு அழுகை வந்தது.

எல்லாம் கணினிக்குள் அவள் குடியமர்த்திய குடும்பங்கள். ஆளுக்கு ஒரே அளவு காசு கொடுத்து, கனடாவின் ஸ்காபரோத் தமிழ்ச் சனத்தைப் போலவே தங்களுக்குள் வாங்கி, விற்று, விழா எடுக்க விட்டால் ஏற்றத்தாழ்வு எப்படி முளைக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு. பணக்காரர், ஏழை என்று பிரியவேண்டிய சனம் ஒட்டுமொத்தமாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. விடிந்தால் வாய்மொழித் தேர்வு.

எல்லோருக்கும் காசை இரட்டிப்பாக்கினாள். உடனே விழாவுக்கு இன்னும் பெரிய மண்டபமாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தார்கள்.

வாங்கிய அன்பளிப்பைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி போட்டாள். கொடுத்ததை வசூலிக்க, பிள்ளைக்குப் பல் முளைத்ததற்கும் விழா வைத்தார்கள்.

ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் மரியோ தொலைபேசியில் கத்தினார். "காசு ஆவியாகாது, கோபிகா! எங்கேயோ ஓட்டை இருக்கு!"

பட்டுச்சேலையோடு தேநீர் கொண்டுவந்தாள் அம்மா தவமலர். வார இறுதி தவறாமல் ஏதாவதொரு விழாவுக்குப் போய், கடைசி ஆளாகத் திரும்புவது அவள் வழக்கம்.

"இண்டைக்கு ஆரின்ர விழா, அம்மா?"

"ஆரோ தெரிஞ்சாக்கள். உன்ர பட்டத்துக்கும் மண்டபம் புக் பண்ணி, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. பாஸ் பண்ணாட்டி என்ர மானம் போயிடும்."

கோபிகா துள்ளி நிமிர்ந்தாள். "அம்மா, உந்த ஹோல் வாடகையெல்லாம் ஆரிட்டைப் போகுது?"

தேநீர் தளும்பியது. "எனக்கென்னடி தெரியும்! உன்ர அலுவலைப் பார்."

கணினி நிரலில் குடும்பங்களிடமிருந்து வாடகையைக் கழிக்க எழுதியவள், அதை வாங்க ஓர் ஆளை எழுத மறந்திருந்தாள்! ஒரேயொரு மண்டபச் சொந்தக்காரரைச் சேர்த்து ஓடவிட்டாள். காசு முழுவதும் அவரிடம் போய்க் குவிந்தது.

மறுநாள் தேர்வாளர்கள் குடைந்து குடைந்து கேட்டார்கள். கோபிகா வெளுத்து வாங்கினாள். மரியோ எழுந்து நின்று கைதட்ட, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையேறிய டொக்டர் கோபிகா முழங்கினாள். "எங்கட காசெல்லாத்தையும் விழுங்கிற ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்!"

சனம் விசிலடித்தது. தவமலருக்கு மட்டும் புரையேறியது.

அம்மாவின் காசும் அந்த ஆளுக்குப் போவதா? மனம் பொறுக்காமல், தானே வாடகையைக் கட்டிவிட மண்டப மனேஜர் அகஸ்ரினிடம் கார்டை நீட்டினாள் கோபிகா.

அவர் பதறிப் பின்வாங்கினார்.

"ஐயோ பிள்ளை, முதலாளியம்மாவின்ர மகளிட்டை வாடகை வாங்கினால் என்ர வேலையெல்லோ போயிடும்!"